மணி அடிக்காத பள்ளிக்கூடம்

ஓணாம்புதூர்க்காரர்களிடம் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் வம்பே.

அந்த ஊர்ச் சங்கிலிக்கு மலைக்கு அந்தப்பக்கம் பெண் பார்த்து, அன்று சாயங்காலம் நிச்சயம். "பொழுது சாயுறதுக்குள்ள வரலைன்னா பொண்ணு வேற இடம் போயிடும்" என்று பெண்ணின் அப்பா அடித்துச் சொல்லியிருந்தார். சங்கிலி, அவன் தாய்மாமன் வீரணன், அக்கா புருஷன் மொக்கராசு மூவரும் கிளம்பினார்கள். மலை உச்சியில் பஸ் மாற வேண்டும்.

"அடுத்த பஸ் நாலு மணிக்கு. கடைசி பஸ்ஸும் அதுதான். அதுவரைக்கும் அந்தப் பழைய பள்ளிக்கூடத்தைப் பார்த்துட்டு வாங்க" என்றார் கண்டக்டர்.

கீழே ஓடை, சுற்றிலும் காப்பித் தோட்டம், நடுவில் ஒரு மேட்டில் வெள்ளைக்காரன் காலத்து ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். இப்போது அங்கே பிள்ளைகள் படிப்பதில்லை. டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்கலாம். சொன்ன விலையை வாய் திறந்து குறைத்துக் கேட்காமல் அப்படியே கொடுத்தார்கள். ஆட்களின் லட்சணம் அங்கேயே தெரிய வேண்டாமா?

"எதையும் தொடக்கூடாது. பலகையில எழுதியிருக்கிறபடி நடந்துக்கணும்" என்று சொல்லிவிட்டு வாட்ச்மேன் சாப்பிடப் போய்விட்டார்.

"தரையைத் தொடுறோமே மாமா?"

"செருப்புதான்டா தொடுது."

நிம்மதியாக உள்ளே போனார்கள். சுவரில் பழைய பலகை. மொக்கராசு எழுத்துக்கூட்டிப் படித்தார்: "மணி அடிக்கும்வரை யாரும் வெளியே போகக்கூடாது."

மூவரும் தலைக்கு மேலே தொங்கிய வெண்கல மணியைப் பார்த்தார்கள்.

"அடிச்சிட்டுப் போயிடலாம் மச்சான்."

"தொடாம எப்படிடா அடிப்பே?"

"ஊதிப் பார்ப்போமா?"

ஊதினார்கள். அது அசையுமா? மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

அதற்குள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. சங்கிலி அழுதே விட்டான். "என் பொண்ணு போச்சே!"

"இருடா, இன்னொரு வரி இருக்கு" என்றார் மொக்கராசு. "வகுப்பில் பேசுகிறவரை ஆசிரியர் வெளியே அனுப்புவார்."

"பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்! அனுப்ப வாத்தியார் வேணுமே?" என்றார் வீரணன்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. சங்கிலிதான் வாத்தியார் மாதிரி இருந்தான்.

"வீரணா! பேசாதே, வெளியே போ! மொக்கராசு, நீயும் போ!" பெரியவர்களைப் பேர் சொல்லி அதட்டிவிட்டு அவனே கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

இருவரும் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறித் திரும்பிப் பார்த்தால், வாத்தியார் வாசலுக்கு உள்ளேயே நிற்கிறார்.

"மாமா, என்னை யாரு அனுப்புவா?"

"அதை யோசிக்கலையேடா!"

பஸ் கிளம்பிவிட்டது.

பெண் வீட்டில் அப்பாக்காரர் வாசலிலேயே மறித்தார். "மாப்பிள்ளை எங்கய்யா?"

"பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருக்காருங்க."

"ஆடு மேய்க்கிறார்னுதானே சொன்னீங்க?"

"இன்னைக்கு நாலு மணிக்குத்தான் வாத்தியாரானாருங்க. ஆனதும், பேசினோம்னு எங்க ரெண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிட்டாரு."

"தாய்மாமன்னுகூடப் பார்க்கலையா? அடடா, இப்படிக் கண்டிப்பான மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும்!"

அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

"கல்யாணத்தைப் பெரிய லீவுல வெச்சுக்குவோம். நடுவுல மாப்பிள்ளை லீவு போட்டா பிள்ளைங்க படிப்பு கெட்டுப்போகும்" என்றார் பெண்ணின் அப்பா.

வீரணன் கவலையோடு தலையாட்டினார். "ஆமாங்க. இப்பவே வகுப்புல ஒரு பிள்ளைகூட இல்லை."