கரைசேரவிடாமல் ஆடிய லுப்பே

சேவலுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், அதற்குப் பேச்சைவிட அவசரப்புத்திதான் அதிகம். நான் சொல்லவருவது அந்தச் சேவல் பண்ணின காரியத்தைத்தான். நடந்தது பெருங்கடலின் நடுவே, ஒரு பொலினீசியத் தீவில்.

அந்தத் தீவுக்கும் எதிர்த்தீவுக்கும் பல வருடச் சண்டை. வெட்டியும் குத்தியும் இரண்டு பக்கமும் ஓய்ந்துபோய், கடைசியில் ஒரு சமாதான விழாவுக்கு ஒப்புக்கொண்டார்கள். எதிர்த்தீவின் தலைவர் தொகாஹி தன் ஆட்களோடு படகில் வந்து இறங்கினார். விழாவில் இந்தத் தீவார் ஆடும் ஆட்டம் முடிந்ததும் ஒரே குழியில் வெந்த பன்றியை இரு பக்கத்தாரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும் என்பது பேச்சு. சாப்பிட்டு முடிக்கும்வரை இந்தத் தீவின் ஆள் ஒருவன் அவர்கள் படகில் பிணையாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஆட்டம் நின்றும் சாப்பாடு வராவிட்டால், 'உங்களோடு உண்ண எங்களுக்கு மனமில்லை' என்று அர்த்தம். படகு கிளம்பிவிடும். பிணையாகப் போனவன் உயிரோடு திரும்ப மாட்டான்.

பிணையாகப் போனவன் ஃபேத்து. ஆடவேண்டியவள் அவன் மனைவி லுப்பே.

காலையிலேயே குழி தோண்டினார்கள். நெருப்பில் பழுக்கக் காய்ந்த கற்களை அடுக்கி, வாழையிலையில் பொதிந்த பன்றியையும் சேப்பங்கிழங்கையும் சீமைப்பலாவையும் வைத்து, மேலே இலை பரப்பி, மண்ணைப் போட்டு மூடினார்கள். இனி வேகும்வரை யாரும் தொடக்கூடாது. நாய் வந்து கிளறிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சேவலைக் காவல் வைத்தார்கள். போயும் போயும் சேவலை!

கொஞ்ச நேரம் அது சும்மா இருந்தது. பிறகு இருப்புக்கொள்ளவில்லை. "வாசனையே வரவில்லையே, உள்ளே சூடு ஆறிப்போயிருந்தால்?" என்று ஒரு கீறு கீறியது. இன்னொரு கீறு. இலை கிழிந்தது. உள்ளே இருந்த ஆவியெல்லாம் புஸ்ஸென்று வெளியே போய்விட்டது. எட்டிப் பார்த்தால் பன்றித் தொடையில் இன்னும் ரத்தம்.

சேவல் விழுந்தடித்து ஆட்டக்களத்துக்கு ஓடியது. அங்கே முரசு முழங்க, முன்னோர்கள் படகேறி வந்த கதையை லுப்பே ஆடிக்கொண்டிருந்தாள். ஆட்டத்தின் போக்கில் அவள் ஓரத்துக்கு வந்தபோது, காலடியில் போய் நின்றது.

"அக்கா, குழியைக் கிளறிட்டேன். ஆவி போயிடுச்சு. கறி வேகலை."

லுப்பேவின் முகம் வெளுத்தது. ஆனால் இடுப்பு நிற்கவில்லை.

"அடப்பாவி! என் குடியைக் கெடுத்தியே! ஓடு, சமைக்கிற பெண்களிடம் சொல். புதுக் கல் காய்ச்சிப் போட்டு மூடட்டும். எவ்வளவு நேரமாகும்?"

"சூரியன் கடலைத் தொடும்வரைக்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சூரியன் உச்சியில் நின்றது.

"அதுவரை ஆடுகிறேன். போய்த் தொலை!"

முன்னோர்கள் கரையேறும் இடத்தில் கதை முடியவேண்டும். லுப்பே அவர்களைக் கரையேற விடவில்லை. புயலைக் கொண்டுவந்தாள். சுறாவைக் கொண்டுவந்தாள். படகைத் திசை தவறவிட்டு மறுபடியும் நடுக்கடலுக்கே அனுப்பினாள்.

தொகாஹிக்குச் சந்தேகம் தட்டியது. "என்னம்மா, உங்கள் முப்பாட்டன் இன்னுமா கரைசேரவில்லை?" என்றார்.

"காற்று சரியில்லை, ஐயா" என்றாள் லுப்பே, மூச்சு வாங்க.

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கண்ணைக் காட்டினார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் படகுக்குப் போய், ஃபேத்துவின் தலைக்குமேல் துடுப்பை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். லுப்பே பார்த்துவிட்டாள். ஆட்டத்தை நிறுத்தவும் முடியாது, அழவும் முடியாது.

வெயில் சாயச் சாயப் பாதங்கள் வெடித்தன. மணலில் பவளத்தூள், காலெல்லாம் ரத்தம். சூரியன் கடலுக்கு ஒரு முழம் மேலே இருந்தபோது முழங்கால் இரண்டும் மடங்கி, லுப்பே பொத்தென்று தரையில் விழுந்தாள். முரசு அடிப்பவன் திகைத்துக் கையை எடுத்தான்.

தொகாஹி எழுந்தார். "ஆட்டம் நின்றுவிட்டது. சாப்பாடு எங்கே?"

"யார் சொன்னது நின்றுவிட்டதென்று?" விழுந்த இடத்திலேயே லுப்பே இரண்டு கைகளையும் தூக்கினாள். "கால்தான் நின்றிருக்கிறது. அடி அண்ணே, முரசை!"

முரசு முழங்கியது. லுப்பே உட்கார்ந்தபடி கைகளால் ஆடினாள். இப்போது முன்னோர் கதை இல்லை. ஒரு பெண் பாய் முடைகிறாள். இரண்டு பேர் படுக்கிற பாய். ஒரு பாதியில் அவள் படுக்கிறாள், மறுபாதியைத் தடவிப் பார்க்கிறாள். அங்கே யாரும் இல்லை.

தொகாஹி அந்தக் கைகளையே பார்த்தார். அவர் தீவிலும் அப்படிப் பாதி காலியான பாய்கள் நிறைய இருந்தன. மறுபடி உட்கார்ந்தார். படகில் நின்றவர்களுக்குக் கையைக் காட்ட, அவர்கள் ஓங்கிய துடுப்பைக் கீழே போட்டார்கள்.

சூரியன் கடலைத் தொட்டது. பெண்கள் குழியைத் திறந்தார்கள். கறி எலும்பைவிட்டு நழுவும்படி வெந்திருந்தது. இரு தீவாரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். ஃபேத்து ஓடிவந்து மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓவென்று அழுதான். சேவலோ அவமானத்தில் பேச்சையே விட்டது. இன்றும் அது மண்ணை இரண்டு கீறு கீறிவிட்டு, ஆவி போய்விட்டதோ என்று ஓரடி பின்வாங்கிக் குனிந்து பார்க்கும்.

லுப்பேவின் கால்கள் மட்டும் அதற்குப் பிறகு எழும்பவே இல்லை.

மறுவருட விழாவில், "நீங்கள் ஆடுங்கள், நான் குழிக்குப் பக்கத்தில் இருந்துகொள்கிறேன்" என்று, ஆட வரிசையாக நின்றிருந்த பெண்களிடம் சொன்னாள் அவள். அப்போது விருந்தாளிகள் நடுவிலிருந்து, அந்த வருடம் சேர்ந்து ஆட வந்திருந்த தொகாஹியின் மனைவி எழுந்து வந்தாள்.

"உன் புருஷன் தலைமேல் துடுப்பை ஓங்கவைத்தது என் வீட்டுக்காரர்தான். நீ ஆடாமல் நான் எந்த முகத்தோடு ஆடுவேன்?" என்று சொல்லி, லுப்பேவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி உட்கார்ந்தாள். அப்புறம் வரிசை முழுவதும் உட்கார்ந்தது.

அன்று முதல்தான், அந்த இரண்டு தீவுகளிலும் விழா என்றால், ஓடியாடக் கால் உள்ள பெண்கள்கூடத் தோளோடு தோள் ஒட்டித் தரையில் உட்கார்ந்து, கைகளாலேயே ஆடுகிறார்கள்.