எச்சரிக்கையின் தொண்டை

ஒரு மருத்துவமனைக் கம்ப்யூட்டருக்குள் எச்சரிக்கை என்றொரு பெட்டி குடிவந்தது. டாக்டர் ஆகாத மருந்தை எழுதினால் திரையில் குதித்துத் தடுப்பது அதன் வேலை. அதைச் செய்தவர்கள் அனுப்பும்போதே சொல்லியிருந்தார்கள்: "எதையும் விட்டுடாதே. ஒண்ணு தப்பினாலும் பழி நம்ம தலையிலதான்."

எச்சரிக்கை எதையும் விடவில்லை. காய்ச்சல் மாத்திரைக்குக் கத்தியது. சத்து மாத்திரைக்குக் கத்தியது. வெறும் உப்புத்தண்ணீர் பாட்டிலுக்கும் நட்டநடுத் திரையில் வந்து நின்று கத்தியது. நிதானம் என்பது மருந்துக்கும் கிடையாது! ஒவ்வொரு மருந்துக்கும் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெட்டியாக வந்து நிற்கும்; மூன்றுக்கும் 'சரி' அமுக்கினால்தான் மருந்து நகரும்.

டாக்டர் ஃபர்ஸானா முதல் வாரம் பொறுமையாகப் படித்தார். அப்புறம் பெட்டி வாயைத் திறக்கும் முன்பே மவுஸ் ஓடிப்போய் 'சரி'யை அமுக்கப் பழகிவிட்டது.

"என்ன சொல்ல வந்தேன்னாவது கேட்டியா?" என்றது எச்சரிக்கை.

"எப்பவும் சொல்றதுதானே," என்றது மவுஸ்.

நோயாளியின் பெயருக்குக் கீழே சிவப்பெழுத்தில் ஒரு சின்ன வரியும் இருந்தது. அவருக்கு எந்த மருந்து ஆகாது என்பதைச் சொல்லும் வரி. அது சத்தமே போடாது. 'ஊமை! இதையெல்லாம் எதுக்கு வெச்சாங்களோ' என்று எச்சரிக்கைக்கு அதன்மேல் இளக்காரம்.

ஒரு நாள் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. காலில் சீழ் வைத்த புண்ணோடு ஆட்டோ ஓட்டும் வேம்புலி கட்டிலில் கிடந்தார். டாக்டர் பென்சிலின் ஊசி எழுதினார்.

எச்சரிக்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்பு ஒருமுறை அந்த ஊசியால் தொண்டை வீங்கி, வேம்புலி பிழைத்ததே பெரும்பாடு.

"வேணாம்! ஆள் போயிடுவார்!" என்று குதித்தது.

மவுஸ் அமுக்கியது. சரி.

இன்னும் பெரிதாகக் குதித்தது. மறுபடியும் சரி.

"உன் கால்ல விழறேன், ஒரு நொடி நில்லு!"

"உப்புத்தண்ணிக்கும் இப்படித்தான் கத்துனே."

கட்டிலருகே நர்ஸ் ஜெசிந்தா மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டாள். "மேடம், ஓகே குடுத்துட்டீங்கன்னா போட்டுடுவேன்."

இனி ஒரே ஒரு பெட்டிதான் பாக்கி. அதிலும் கத்தினால் அதற்கும் 'சரி'தான் விழும். எச்சரிக்கைக்கு அழுகை வந்தது. வேறு வழி தெரியாமல், பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு ஓரமாக ஒதுங்கியது.

மவுஸ் வழக்கம்போல் ஓடிவந்தது. அமுக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. டாக்டரின் விரல் நின்றது.

"என்ன ஆச்சு இதுக்கு? இந்நேரம் கத்தியிருக்குமே..." என்று திரையை உற்றுப் பார்த்தார். அடுத்த நொடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சிஸ்டர், போடாதீங்க! அவருக்குப் பென்சிலின் ஆகாது!"

வேம்புலியின் தோலைத் தொடப்போன ஊசி திரும்பித் தட்டுக்குப் போனது. எச்சரிக்கைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அது சிவப்பு வரியைத் திரும்பிப் பார்த்தது.

"நான் அவ்வளவு கத்தியும் கேக்காதவங்க, நீ என்ன சொன்னேன்னு எழுந்தாங்க?"

"நான் புதுசா ஒண்ணும் சொல்லல. எப்பவும் இங்கேயேதான் இருக்கேன்," என்றது சிவப்பு வரி. "நீதான் இத்தனை நாளும் எனக்கு முன்னாடி நின்னுக்கிட்டிருந்தே."