நிறுத்தியை விடாத அடக்கி

மலையடிக் காட்டில், மருத மரக் கிளை ஒன்றில் பெரிய தேன்கூடு தொங்கியது. பக்கத்து அறையைத் தடவிப் பார்த்து, அதே மாதிரி அடுத்த அறையைக் கட்டுவதுதான் அந்தத் தேனீக்களின் வழக்கம். ஓர் அறை கோணினால் அடுத்ததும் கோணும். அதைக் கவனிக்கவே நிறுத்தி என்றொரு தேனீ இருந்தது. அது ரீங்காரமிட்டால் கூடு முழுக்க வேலை நின்றுவிடும்.

ஆனால் நிறுத்தியைச் சும்மா விடவும் முடியாது. தொட்டதற்கெல்லாம் "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தும். அப்புறம் யார் கட்டுவது, எதைச் சாப்பிடுவது? அதனால் அடக்கி என்ற தேனீ அதன் இறக்கைகளைக் கால்களால் இறுக்கிப் பிடித்திருக்கும். எங்காவது அறை கெட்டால், பார்த்தவர் ஓடிவந்து அடக்கியின் முதுகில் தட்ட வேண்டும். தட்டியதும் அடக்கி பிடியை விட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஒரு கோடையில், நிழல் தந்த கொப்பு முறிந்து, கூட்டின் ஒரு பக்கத்தை வெயில் கொளுத்தியது. அங்கே வேலையாக இருந்த சுருளி என்ற தேனீயின், தடவி அளக்கும் உணர்கொம்புகள் கருகிப்போயின. அதற்கு அளவே தெரியவில்லை. ஆனாலும் கட்டியது. பக்கத்தில் இருந்தவையும் அதைத் தடவிப் பார்த்து, அதே கோணலில் கட்டின.

குஞ்சுப் புழுக்களுக்கு ஊட்டும் மின்னி என்ற தேனீ அதைப் பார்த்துவிட்டது. புழு அறைகளுக்குப் போகும் வழி பாதி அடைந்திருந்தது! பதறிப் பறந்து வந்து அடக்கியின் முதுகில் தட்டியது.

"அக்கா, விடு! சுவர் எங்க பக்கம் வளருது!"

"போடீ! புங்கம் பூத்துக் கிடக்கு. இப்போ வேலை நின்னா மழைக்காலத்துல என்னத்தைத் தின்கிறது?"

"உள்ளே பிள்ளைங்க இருக்குதுங்க, அக்கா!"

"எத்தனை அறை எழும்புது பார்! கண்ணு நிறையலியா உனக்கு?"

நிறுத்தி திமிறியது. அடக்கி இன்னும் இறுக்கியது.

கோணல் அறைகள் பெருகின. அவற்றில் தேன் நிற்கவில்லை. கட்டிய தேனீக்களோ, சேர்த்து வைத்த தேனைத் தின்று தின்று மெழுகு சுரந்தன. பாரம் தாங்காமல் கிளை முனகியது. மின்னி சந்துக்குள் நுழையப் பார்த்தது. தலை மட்டும்தான் போனது. உள்ளே புழுக்கள் பசியில் அழுவது கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் மெலிந்தது.

கடைசியில் கோணல் சுவர் அடக்கியிடமே வந்து, அதன் பின்னங்காலை மெழுகில் புதைத்தது.

"ஐயோ!" அலறிக்கொண்டு அது பிடியை விட்டது.

நிறுத்தி பாய்ந்தெழுந்து ரீங்காரமிட்டது. கூடு அப்படியே உறைந்தது. நிறுத்தி சுருளியின் கருகிய கொம்புகளைத் தொட்டுப் பார்த்தது.

"சரியாகுமா?" சுருளி கேட்டது.

"ஆகாது."

"நான் இருந்தா மறுபடியும் இப்படித்தான் கட்டுவேன், இல்லே?"

சுருளி கூட்டைப் பற்றியிருந்த கால்களை ஒவ்வொன்றாக எடுத்தது. காய்ந்த சருகுபோலக் கீழே விழுந்தது.

மற்ற தேனீக்கள் கூடிக் கோணல் சுவரைக் கடித்துப் பெயர்த்தன. வழி திறந்தது. மின்னி முதலில் உள்ளே ஓடியது.

"கண்ணுங்களா! செல்லங்களா!"

மெழுகு ஒட்டிய காலோடு வந்த அடக்கி வாசலிலேயே நின்றது. "ஒண்ணாவது நெளியுதாடீ?"

மின்னி அசையாத புழுக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வாசலில் வைத்தது.

காவலை அடக்கி வைப்பது வீட்டுக்கு நல்லதுதான்; ஆனால் ஆபத்து வந்து முதுகில் தட்டிய பிறகும் பிடியை விடாதவர், காப்பாற்ற வேண்டிய வீட்டைத் தானே அழித்துவிடுவார்.