மூன்றாம் முறை கழற்றிய டயர்

முப்பத்தொரு வருடத்துக்கு முன் கேட்ட சத்தம். தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரே ஒரு 'டப்'. அதன் பிறகு, சாய்ந்து விழுந்த சைக்கிளின் மணி தானாக ஒருமுறை அடித்தது. செங்கோடனுக்கு முதல் சத்தம் மறந்தாலும் மறக்கும். மணி மறக்காது.

ஏற்காடு அடிவாரத்தில் செலின் நடத்திய சைக்கிள் கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. செலினுக்கு முப்பத்தாறு. செங்கோடன் வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள்.

"சைக்கிள் வேலை தெரியுமா?" என்று செலின் கேட்டாள்.

"சின்ன வயசுல தெரியும். அப்புறம் விட்டுட்டேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அவளை அவர் வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார்.

"அண்ணே, அப்படிக் கூப்பிட்டா எனக்குத்தான் ஐம்பத்து மூணு வயசு மாதிரி இருக்கு."

"இருக்கட்டுங்க வாத்தியாரம்மா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோகிலவாணி வந்தாள். செங்கோடனின் தம்பி பொன்னுவேலின் மகள். மலைமேல் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை கிடைத்திருந்தது. இனி தினமும் காலையில் காய்கறி வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவாள். சாயங்காலம் இருபது கொண்டை ஊசி வளைவும் மிதித்து இறங்குவாள்.

அவளுடையது மலைப்பாதை சைக்கிள். தடித்த பட்டன் வைத்த டயர்.

"தார் ரோட்டுல வண்டு மாதிரி இரையுது பெரியப்பா. வளைவுல வழுக்குது. ரோடு டயர் போட்டுக் குடுங்க. நாளைக்கு வேலைல சேரணும். நாலு மணிக்கு வர்றேன்."

இருப்பதிலேயே ஒல்லியான டயரைக் கையில் எடுத்தாள். செலின் ரிம்மின் உள் அகலத்தை அளந்து பார்த்து, அதை வாங்கி வைத்துவிட்டு, கொஞ்சம் தடித்த ஒன்றைக் கொடுத்தாள்.

"இந்த ரிம்முக்கு இதைவிட ஒல்லியா போட்டா டயர் பிடிக்காது. டியூபும் மாத்தணும். பழசு பெரிசு, உள்ளே மடிஞ்சுக்கும்."

மடிஞ்சுக்கும் என்ற சொல்லில் செங்கோடனின் முகம் மாறியது. கோகிலவாணி போனதும் சொன்னார்:

"நீங்களே போட்டுருங்க வாத்தியாரம்மா."

"அவ உங்களைத் தேடித்தானே வந்தா?"

பின் சக்கரத்தை அரை மணியில் முடித்தார். முன் சக்கரத்தில்தான் நின்றார். டயரின் பக்கத்தில், ரிம்மை ஒட்டி, மெல்லிய கோடு ஒன்று ஓடும். காற்று ஏறியபின் அது சுற்றிலும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். தெரிந்தது. அவர் காற்றை இறக்கி, டயரைக் கழற்றி, டியூபைத் தடவிப் பார்த்து மறுபடி போட்டார். மறுபடியும் கோடு சரியாக இருந்தது. மறுபடியும் கழற்றினார்.

மூன்றாம் முறை காற்று நிற்கவில்லை.

செலின் டியூபை வாங்கித் தண்ணீரில் அமுக்கினாள். கடுகு கடுகாகக் குமிழ்கள் வந்தன.

"முதல் தடவையே சரியாத்தான் போட்டீங்க. கழட்டும்போது டயரை நெம்புற லிவர் குத்திருக்கு."

செங்கோடன் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஓட்டை டியூபைப் பார்த்தபடி சொன்னார்.

"தம்பி சைக்கிளுக்கு நான்தான் டியூப் மாத்தினேன். உள்ளே டியூப் மடிஞ்சு, முன் சக்கரத்துல ஒரு இடம் லேசாப் புடைச்சிருந்துது. பார்த்தேன். ஓட ஓடச் சரியாயிடும்னு விட்டுட்டேன். பாலத்து இறக்கத்துல வெடிச்சுது. இடது கால் மூணு இடத்துல முறிஞ்சுது."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"வேற யார்கிட்டயாவது?"

"உங்ககிட்ட."

செலின் புது டியூப் ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கணும். பார்த்தது போதும்னு எப்படித் தெரியும்?"

"முதல்ல போடுங்க."

போட்டார். கட்டைவிரல்களால் சுற்றிலும் அமுக்கி, டியூப் எங்கும் கடிபடவில்லை என்று பார்த்தார். காற்றடித்தார். சக்கரத்தைச் சுற்றினார். கோடு ஆடாமல் ஓடியது. அவர் கை லிவருக்குப் போனது.

செலின் தடுக்கவில்லை.

"அண்ணே, இப்ப எந்த டயரைக் கழட்டப் போறீங்க? இதையா, அன்னைக்குப் போட்டதையா?"

கை அங்கேயே நின்றது. மணி மூன்றே முக்கால். லிவரை எடுக்காமல், சக்கரத்தைச் சைக்கிளில் மாட்டினார்.

நாலு மணிக்குக் கோகிலவாணி வந்தாள். சைக்கிளைத் தொடப் போனவளை அவர் மறித்தார்.

"கண்ணு, உங்கப்பா விழுந்தது என்னாலதான். டயர் புடைச்சிருந்துது. நான் பார்த்தேன். சொல்லல."

அவள் அவரையே பார்த்தாள்.

"அப்பாவும் பார்த்தாராம் பெரியப்பா. எங்கிட்ட சொல்லிருக்கார்."

"என்னது?"

"ஏறும்போதே பார்த்தாராம். அண்ணன் போட்டதுல குத்தம் சொல்றதான்னு பேசாம ஏறிட்டாராம். அதை உங்ககிட்ட சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு அதையும் சொல்லல." அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "நல்ல அண்ணன் தம்பி."

செங்கோடன் வழியை விட்டு விலகினார்.

அவள் சைக்கிளின் முன் குந்தி உட்கார்ந்தாள். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினாள். குனிந்து கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கட்டைவிரல்களாலும் டயரை அமுக்கிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல்கள் நின்றன.

"இங்க என்ன பெரியப்பா, மேடா இருக்கு?"

அவர் குனிந்தார். விரலால் தொட்டார். டயரின் பக்கத்தில் புடைப்பாக வார்த்திருந்த எழுத்து.

"அது கம்பெனி பேரு, கண்ணு."

"சரி. கேட்டுக்கிட்டேன்."

அவள் ஏறிப் போனாள். டயரில் சத்தமே இல்லை. சாலை திரும்பும் இடத்தில் மணியை ஒருமுறை அடித்தாள். அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

"வாத்தியாரம்மா, இன்னும் ஒரு தடவை பார்த்திருக்கலாமோ?"

செலின் லிவர்களைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டவர் பார்த்தாச்சு. ஓட்டறவ பார்த்தாச்சு. அவ வாயைத் திறந்து கேட்டும் ஆச்சு. அன்னைக்கு ரெண்டு பேரும் பார்த்தீங்க, யார் வாயைத் திறந்தீங்க அண்ணே?"

செங்கோடன் லிவர்களை வாங்கிப் பெட்டியில் போட்டார்.

கோகிலவாணி இரண்டு வருடம் அந்த மலையில் இறங்கினாள். டயர்கள் வெடிக்கவில்லை; தேய்ந்த பிறகுதான் மாற்றப்பட்டன. கால் முறிந்த நாளிலிருந்து சைக்கிள் ஏறாத பொன்னுவேல் அதன் பிறகும் ஏறவில்லை.