பூஜ்யத்துக்கு ஒரு பென்சில்

ஆண்டு முழுக்க வெயில் காய்கிற தூத்துக்குடியில், குளிரை ஆராய்கிற பேராசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் உலகம்மாள். கல்லூரியின் கடைசிக் கட்டடத்தில், கடற்காற்று நேராக வந்து மோதுகிற அறைதான் அவருடைய ஆய்வுக்கூடம். அங்கே இரும்பு எல்லாம் துருப்பிடிக்கும். உப்பு டப்பாவைத் திறந்து வைத்தால் மத்தியானத்துக்குள் கசிந்துவிடும்.

அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்தவள் ஜெசிந்தா. கல்யாணம், பிள்ளைகள், படுத்த படுக்கையான மாமியார் என்று பல வருடம் படிப்பை விட்டுவிட்டு மறுபடி வந்தவள். மாணவிக்கு ஆசிரியரைவிட வயது கூடுதல். அதனால் மாணவி ஆசிரியரை மேடம் என்பாள். ஆசிரியர் மாணவியை அக்கா என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று தெரியாமல் சற்று விழிப்பார்கள்.

அவர்கள் தேடியது ஒரே ஒரு பொருளை. மின்சாரம் எதன் வழியே ஓடினாலும் அது கொஞ்சம் தடுக்கும், கொஞ்சம் வீணாகும். சில பொருள்களை மிக மிகக் குளிர வைத்தால் அந்தத் தடை அடியோடு மறைந்து பூஜ்யமாகிவிடும். மீக்கடத்தி என்று அதற்குப் பெயர். ஆனால் அவ்வளவு குளிரை உண்டாக்குவதே பெரும்பாடு. கொஞ்சக் குளிரிலேயே தடை மறைகிற பொருள் ஒன்று கிடைத்தால் உலகம் திரும்பிப் பார்க்கும்.

அது ஜெசிந்தாவுக்குக் கிடைத்துவிட்டது.

அவளே உரலில் அரைத்து, அவளே அழுத்தி, உலையில் சுட்டு எடுத்த கறுப்பு வில்லை. மாத்திரை அளவுதான் இருக்கும். அதைக் குளிர்க்குடுவைக்குள் மெல்ல இறக்கினாள். ஐஸ் பெட்டியின் குளிரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. கணினித் திரையில் நேராக வந்துகொண்டிருந்த கோடு, மாடியிலிருந்து குதித்தது போல் விழுந்தது. பூஜ்யம்.

வெளியே எடுத்தாள், கோடு ஏறியது. உள்ளே விட்டாள், விழுந்தது. எத்தனை முறை செய்தாலும் அதே இடத்தில்.

சாயங்காலம் வீட்டிலிருந்து உலகம்மாளுக்கு போன் போட்டாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"சரிக்கா" என்றார் அவர். போனை வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். ஜெசிந்தா கையில் போனோடு நின்றாள். ஒரு சந்தோஷம் இல்லை, ஒரு சபாஷ் இல்லை. அவளுக்கு இது கடைசி வருடம். இதற்குமேல் நீட்டிக் கொடுக்கமாட்டார்கள். என்னத்தைக் கிழித்தாய் என்று யாரும் நேரில் கேட்கவில்லைதான். ஆனால் கணவர் ரெய்மண்ட் பொறுமையாக இருப்பதே அவளுக்குக் கேட்பது மாதிரி இருந்தது. இந்தக் கோடு ஒன்று போதும். அத்தனைக்கும் பதில் சொல்லிவிடும்.

மறுநாள் பனிமய மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் கல்லூரிக்கு வந்தாள். பனியே பார்க்காத ஊருக்குப் பனி மாதா காவல் இருக்கும்போது, குளிரில் தனக்கு ஒரு வழி விடமாட்டாளா என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு முன்பே உலகம்மாள் வந்திருந்தார். அவருடைய துணிப்பை அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அவர் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"திரும்பத் திரும்பப் பார்த்தீங்களாக்கா?"

"பார்த்தேன் மேடம். கோட்டு மேல கோடு அப்படியே உட்காருது."

"ம்."

"கட்டுரை எழுதி வச்சிருக்கேன். நீங்க ஒரு தடவை கண்ணு ஓட்டினா அனுப்பிடலாம். வடக்க இன்னொரு ஆய்வுக்கூடத்திலயும் இதே கலவையத்தான் அரைச்சுக்கிட்டு இருக்காங்க. நாம அசந்தா அவங்க பேரு வந்திடும்."

கூடவே ஆராய்ச்சி செய்கிற இசக்கிராஜ் உள்ளே வந்தான். "அக்கா, பதினோரு மணிக்கு நம்ம கல்லூரி முதல்வர் வர்றாராம். பத்திரிகைக்காரர் ஒருத்தரையும் கூட்டிட்டு வர்றாராம்."

"அவருக்கு யார் சொன்னா?"

"தானா பரவிடுச்சுக்கா" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

உலகம்மாள் மேசைமேல் இருந்த குவளையில் கைவிட்டு ஒரு பென்சிலை எடுத்தார்.

"வில்லையை எடுத்துட்டு இதை வைங்க."

"எதை?"

"இதுக்குள்ள இருக்கிற கரியை."

ஜெசிந்தாவுக்கு முகம் சிவந்தது. கரி மின்சாரத்தைக் கடத்தும், தடுக்கவும் செய்யும். குளிரக் குளிரத் தடை கொஞ்சம் ஏறுமே தவிர மறையாது. முதல் வருடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"மேடம், பூஜ்யம் வந்த பிறகும் என்ன சந்தேகம்?"

"நீங்க சீவுறீங்களா, நான் சீவித் தரட்டுமா?"

ஜெசிந்தா பென்சிலைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"நோபல் பரிசு வாங்கப் போகும்போது ஜாமெட்ரி பாக்ஸும் கொண்டு போகணும் போலிருக்குக்கா" என்றான் இசக்கிராஜ்.

"நீ வாயை மூடிக்கிட்டு பசையை எடு."

மரத்தைப் பிளந்து கரியை உருவினாள். தேவையான நீளத்துக்கு ஒடித்தாள். வெள்ளிப் பசை தொட்டு நான்கு மெல்லிய கம்பிகளை ஒட்டினாள். ஓரத்துக் கம்பிகள் இரண்டும் மின்சாரத்தை அனுப்புகிறவை. நடுக் கம்பிகள் இரண்டும், வழியில் எவ்வளவு வீணாயிற்று என்று பார்த்து மேலே சொல்கிறவை. கை பழகிய வேலை. மனம்தான் வேறு எங்கோ இருந்தது.

என்னைவிடச் சின்னவர். ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் என்ன? தான் சொல்லிக் கொடுத்தவள் முந்திக்கொண்டு போகிறாளே என்று இருக்குமோ? சீ, அப்படிப்பட்டவர் இல்லை. பின்னே ஏன் இந்த விளையாட்டு?

பசை காயக் காத்திருந்தார்கள். உலகம்மாள் ஜன்னல் பக்கம் நின்று கம்பியில் படிந்த உப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் நகம் கடிக்கிறவர் இல்லை. அன்றைக்கு இரண்டு மூன்று முறை கை வாய்க்குப் போனதை ஜெசிந்தா பார்த்தாள். பார்த்ததை நினைத்துப் பார்க்கவில்லை.

கரியைக் குடுவைக்குள் இறக்கினாள்.

திரையில் கோடு நிதானமாக வந்தது. குளிரக் குளிர லேசாக ஏறியது. கரி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொண்டது. ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரும்பி உலகம்மாளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் திமிர் இருந்தது.

"அக்கா" என்றான் இசக்கிராஜ்.

அவள் திரைப்பக்கம் திரும்பினாள்.

கோடு விழுந்திருந்தது. அதே இடத்தில். மாடியிலிருந்து குதித்தது போல.

பூஜ்யம்.

கடையில் வாங்கின பென்சில், உலகத்தில் யாரும் பார்க்காத மீக்கடத்தி ஆகிவிட்டது.

குடுவையிலிருந்து வெள்ளைப் புகை விளிம்பு தாண்டித் தரையில் வழிந்து ஜெசிந்தாவின் காலைத் தொட்டது. கால் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"தண்டைக் கழற்றுடா" என்றாள்.

கம்பிகள் இறங்குகிற எஃகுத் தண்டைக் கழற்றினார்கள். பூதக்கண்ணாடியை வைத்துத் தேடியபோது, கழுத்துப் பக்கம் கிடைத்தது. சேதி சொல்கிற இரண்டு கம்பிகளின் மேல்பூச்சையும் உப்புக்காற்று ஓரிடத்தில் தின்றிருந்தது. சூட்டில் அவை விலகி நிற்கும். குளிர்ந்தால் சுருங்கி ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். தொட்டுக்கொண்டதும் இரண்டும் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டு, கீழே ஒன்றுமே வீணாகவில்லை என்று மேலே சொல்லி அனுப்பியிருக்கின்றன. வில்லை இருந்தாலும் அதுதான், கரி இருந்தாலும் அதுதான், கல்யாணப் பாக்கெட்டில் வரும் கற்கண்டு இருந்தாலும் அதுதான் சொல்லியிருக்கும்.

அதனால்தான் ஒரு தடவைகூட இடம் மாறவில்லை.

ஜெசிந்தா வேறு கம்பி மாற்றினாள். கறுப்பு வில்லையை மறுபடி ஒட்டினாள். இறக்கினாள்.

இம்முறை கோடு எங்கேயும் குதிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற கிழவர் மாதிரி மெதுவாக, சாய்வாக, கடைசிவரை நடந்தது. குடுவையின் அடிவரைக்கும் போயிற்று. பூஜ்யத்துக்குப் போகவே இல்லை.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நேற்றிலிருந்து நெஞ்சில் ஏதோ ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததே, அது நின்றுவிட்டிருந்தது. அது நின்ற பிறகுதான், அது சந்தோஷம் மட்டும் இல்லை, பயமும் சேர்ந்தது என்று தெரிந்தது. இந்தச் சாய்ந்த கோட்டில் பயம் இல்லை. இது யார் வந்து எப்படிப் பார்த்தாலும் இப்படியேதான் இருக்கும்.

வாசலில் காலடி கேட்டது.

"நான் பேசுறேன்கா" என்றார் உலகம்மாள்.

"வேண்டாம் மேடம். என் பென்சில். நானே சொல்றேன்."

முதல்வர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். பத்திரிகைக்காரர் கேமராவைத் தோளிலிருந்து இறக்கினார். ஜெசிந்தா மூன்று கோடுகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். வில்லையும் விழுந்தது, பென்சிலும் விழுந்தது, கம்பி தொட்டுக்கொண்டிருந்தது, மாற்றியதும் விழவில்லை. மறைக்காமல், குரல் உடையாமல் சொன்னாள்.

"அப்போ கண்டுபிடிப்பு இல்லையா?" என்றார் முதல்வர்.

"இல்லை சார். நல்லவேளை, அனுப்பலை."

"அனுப்பினதுக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா?"

"கல்லூரி பேரும் பத்திரிகையில வந்திருக்கும் சார். வேற மாதிரி."

முதல்வர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பத்திரிகைக்காரர் கேமராவை மறுபடி தோளில் மாட்டினார். "மேடம், அது எந்தக் கம்பெனிப் பென்சில்? அதையாவது போடுவோம்."

எல்லோருக்கும் முன்பாக ஜெசிந்தாதான் சிரித்தாள்.

அவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். இசக்கிராஜ் பழைய கம்பியை ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு, 'தொடாதே' என்று எழுதி ஒட்டிக்கொண்டிருந்தான். ஜெசிந்தாவுக்குத் திடீரென்று நல்ல பசி. காலையில் சாப்பிடாமல் வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அடுத்த கலவையில பேரியத்தைக் குறைச்சுப் பார்க்கலாம்னு தோணுது மேடம். சாய்வு கடைசியில லேசா வளையுது பாருங்க."

"பார்த்தேன். குறைச்சுப் பாருங்க."

உலகம்மாள் அலமாரி மேலிருந்த துணிப்பையை இறக்கினார். உள்ளேயிருந்து அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்து நூலைப் பிரித்தார். முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்த்துச் சுட்ட மக்ரூன். வெள்ளை வெளேரென்று, ஒன்றுகூட உடையாமல்.

"சாப்பிடுங்கக்கா. காத்துப் பட்டா நமுத்துடும்."

இசக்கிராஜ் சீசாவை வைத்துவிட்டு ஓடி வந்தான். ஜெசிந்தா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கரைந்தது. மூடியைத் திருப்பிக் கடையின் பெயரைப் பார்த்தாள். பழைய துறைமுகத் தெருக் கடை. காலையில் பத்து மணிக்குமேல்தான் கதவைத் திறப்பார்கள். உலகம்மாள் எட்டு மணிக்கே இங்கே இருந்தார். அப்படியானால் இது நேற்றே வாங்கியது; தோற்கும் என்று தெரிந்து, தேற்றுவதற்காகவா?

அவள் மூடியை மேசையில் வைத்தாள்.

"மேடம், கம்பி தொட்டுக்கிட்டு இருக்கும்னு உங்களுக்கு முதல்லயே தெரியும்தானே?"

"தெரியாது."

"சந்தேகமாவது இருந்திருக்கும்."

"இல்லைக்கா."

"பின்னே எதுக்கு பென்சில வைக்கச் சொன்னீங்க?"

உலகம்மாள் பெட்டியின் ஓரத்தில் சிந்தியிருந்த தூளை விரலால் தொட்டு எடுத்தார்.

"நேத்து போன்ல நீங்க சொன்னதும், காலுக்கு ஒரு செருப்பா மாத்திப் போட்டுக்கிட்டு இதை வாங்க ஓடினேன்கா. கடைக்காரர் சொல்லித்தான் குனிஞ்சு பார்த்தேன். அவ்வளவு ஆசை எனக்கு. ஆசைப்பட்ட கண்ணை நம்ப முடியாதுல்லக்கா. அதான் பென்சில்."