இரட்டை அடிக்கோடு

"எனக்கு விளையாடச் சொல்லிக் குடுக்கணும், டீச்சரம்மா."

கேட்டவருக்குத் தலை முழுக்க நரை. கேட்கப்பட்டவளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

ஆவுடையப்பன் சார் சங்கரன்கோவிலில் கணக்கு டியூஷன் நடத்தியவர். அப்பனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே பெஞ்சில் மகனையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவர் எதிரே வந்தால் இன்றைக்கும் சைக்கிளை விட்டு இறங்குகிறவர்கள் அந்த ஊரில் உண்டு. மரியாதையா, பழைய பயமா என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

செண்பகவல்லி பெரிய பெரிய இடங்களில் கணிதம் படித்துவிட்டு, குற்றாலத்தைத் தாண்டி ஓர் ஓடைக்கரையில் வந்து உட்கார்ந்தவள். பழம் சேர்த்துவைக்கும் கிட்டங்கியாக இருந்த கொட்டகைதான் அவளுடைய இடம். அங்கே பாடப்புத்தகம் கிடையாது. காகிதம், கத்தரிக்கோல், நூல்கண்டு, கிரையான், கூடையில் ஏதாவது பழம். யார் வேண்டுமானாலும் வரலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.

"எதுக்கு சார் விளையாடணும்?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"பேத்திக்காக."

அப்புறம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். மகள் கோமதி ராஜபாளையத்தில் இருக்கிறாள். பேத்தி ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். லீவுக்கு அனுப்பிவை, கணக்கில் புலியாக்கித் தருகிறேன் என்று இவர் ஆசையாக போன் செய்திருக்கிறார். வேண்டாம்ப்பா, அவள் பயப்படாமல் வளரட்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். லீவும் முடிந்தது, பிள்ளையும் வரவில்லை.

"கோவமாச் சொல்லியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன்," என்றார் சார். "மெதுவாச் சொன்னா."

செண்பகவல்லி கூடையிலிருந்து ஒரு மங்குஸ்தான் பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"உள்ள எத்தனை சுளை சார்?"

"உடைக்காம எப்படித் தெரியும்?"

"அதுகிட்டயே கேளுங்க."

சார் பழத்தைக் காதில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். குலுக்கினார், அமுக்கினார், எடை பார்த்தார். கடைசியில் தலைகீழாகத் திருப்பினார். அடியில் சின்னதாக ஒரு பூ, பொறித்துவைத்த மாதிரி. எண்ணினால் ஆறு இதழ்.

உடைத்தார். ஆறு சுளை.

இன்னொன்றை எடுத்தார். அதில் ஐந்து இதழ், ஐந்து சுளை. அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. கூடையில் பாதி காலியாகும்வரை விடவில்லை.

"பாத்தியளா, விடை எப்பவும் கீழதான் இருக்கும்," என்றார் வெற்றியோடு.

செண்பகவல்லி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கிறுக்கல்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, கையை எடுக்காமல், காகிதம் முழுக்க ஒரு கோட்டை ஓடவிட்டாள். அது வளைந்து நெளிந்து தன்னையே பல இடங்களில் தாண்டிப் போயிற்று. கடைசியில் மட்டும் கண்ணைத் திறந்து கோட்டை முடித்தாள். கோடுகளுக்கு நடுவே கோணலும் மாணலுமாகக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு நீலம் அடித்தாள், கோட்டைத் தாண்டினால் அடுத்ததை வெள்ளையாக விட்டாள், அதைத் தாண்டினால் மறுபடி நீலம். எங்கேயும் நீலம் நீலத்தோடு இடிக்கவில்லை, வெள்ளை வெள்ளையோடு இடிக்கவில்லை.

"இப்ப நீங்க," என்று பென்சிலைக் கொடுத்தாள்.

சார் கண்ணை மூடினார், கிறுக்கினார், நீலம் அடித்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஓரிடத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கமும் நீலம், அந்தப் பக்கமும் நீலம்.

நீலத்தை அழித்து வெள்ளையாக்கினார். அந்தப் பக்கம் சரியாயிற்று, இந்தப் பக்கம் வெள்ளையும் வெள்ளையும் முட்டிக்கொண்டன.

அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்து வந்த நாட்களிலும் அதே கதைதான். பெரிதாகக் கிறுக்கிப் பார்த்தார், சின்னதாகக் கிறுக்கிப் பார்த்தார். கிரையான் மட்டம் என்றார், காகிதம் மட்டம் என்றார்.

பக்கத்தில் பிச்சாண்டி உட்கார்ந்திருந்தார். ராஜபாளையம் வழித்தடத்தில் பஸ் ஓட்டுகிறவர். ஓய்வு நாளில் மீன் பிடிக்கப் போகாமல் இங்கே வருகிறவர். அவருடைய கிறுக்கல் ஒவ்வொன்றும் கட்டம் கட்டமாகப் பிரமாதமாக விழுந்துகொண்டிருந்தது. சார் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அதில் ஒரு டிக் போட்டு, பக்கத்தில் 'நன்று' என்று எழுதிவிட்டார்.

பிச்சாண்டி அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு அந்த வார்த்தை கிடைத்ததே இல்லையாம்.

"விதி என்னன்னு சொல்லிருங்க டீச்சரம்மா," என்றார் சார் ஒரு நாள் பொறுக்க முடியாமல். "விதி தெரிஞ்சா நான் போட்டுருவேன்."

"நான் எதையும் ஒளிச்சு வைக்கல சார்."

"பிச்சாண்டிக்கு வருது. எனக்கு வரல. அப்ப என்ன அர்த்தம்?"

"இன்னொண்ணு போடுங்க."

சாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊரில் அவர் மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை அது. இன்னொண்ணு போடு. அதைக் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. இருந்தாலும் பேத்தியை நினைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தார்.

கண்ணை மூடி, கிறுக்கி முடித்து, கிரையானுக்குக் கையை நீட்டினார்.

செண்பகவல்லி காகிதத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"எங்க ஆரம்பிச்சிய?"

சார் மேலே இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். கணக்கை வேறு எங்கே ஆரம்பிப்பார்கள்?

"எங்க முடிச்சிய?"

விரல் கீழே இறங்கி வலது ஓரத்துக்கு வந்து நின்றது. அங்கே கோடு இடமிருந்து வலமாக ஓர் இழுப்பு இழுத்து, மடங்கி, வலமிருந்து இடமாக இன்னோர் இழுப்பு இழுத்து நின்றிருந்தது.

சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கசங்கிக் கிடந்த பழைய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். எல்லாவற்றிலும் அதே மூலையில் அதே இரண்டு இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு போட்டது, போட்டதே தெரியாமல் போட்டது.

"இது என்ன சார்?" என்றாள் அவள்.

"அடிக்கோடு. விடைக்குக் கீழ ரெண்டு கோடு போடணும்லா."

"என்ன விடை?"

சார் அந்த இரண்டு கோட்டுக்கு மேலே விடையைத் தேடினார்.

அவள் எழுந்து ஓடைப்பக்கம் போய்விட்டாள். பிச்சாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

சார் அந்த இரட்டைக் கோட்டின் நுனியில் பென்சிலை வைத்தார். அங்கேயிருந்து மெதுவாக மேலே கொண்டுபோனார். வந்த வழியையெல்லாம் குறுக்கே தாண்டி, கட்டங்களைக் கிழித்துக்கொண்டு, தொடங்கிய புள்ளியிலேயே கோட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நீலம் அடித்தார். வெள்ளை விட்டார். நீலம் அடித்தார்.

எங்கேயும் இடிக்கவில்லை.

அவர் சிரித்தார், சத்தமாகவே. பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. இந்தப் படத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது.

டியூஷன் கரும்பலகையின் கீழ் மூலை. எட்டு வயதுக் கோமதிக்குக் கை எட்டும் உயரம். ஒரு கட்டம் சாக்பீஸ் வெள்ளை, ஒரு கட்டம் பலகைக் கறுப்பு. ஒரு கட்டம் வெள்ளை, ஒரு கட்டம் கறுப்பு. எந்தக் கோட்டுக்கும் நுனி கிடையாது. சாயங்காலம் பையன்கள் வருவதற்குள் டஸ்டரை எடுத்து ஒரே தேய்ப்பில் அழித்துவிடுவார். கணக்கு போடுற இடத்துல என்ன கிறுக்கல் என்று ஒருநாள் ஸ்கேலால் உள்ளங்கையில் ஒன்று வைத்தார். அதற்கப்புறம் மூலை சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்து அவருக்குத் திருப்திகூட ஏற்பட்டது.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகக் கண்டுபிடித்திருந்தாள். அது கணக்கு என்றே அவருக்குத் தெரியவில்லை. சார் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஓடைச் சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது என்று அவராக நினைத்துக்கொண்டார்.

செண்பகவல்லியும் பிச்சாண்டியும் திரும்பி வந்தபோது சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பார்த்தாள். அவளுக்கும் கண்ணெல்லாம் சிரிப்பு.

"கத்துக்கிட்டேன்," என்றார். "இனிமே பேத்திக்குச் சொல்லிக் குடுக்கலாம்லா?"

"எங்க ஆரம்பிச்சிய சார்?"

காகிதத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து மேல் மூலைக்கு விரலைக் கொண்டுபோனார். விரல் பாதி வழியில் நின்றது.

எழுந்து செருப்பைத் தேடினார். ராஜபாளையத்துக்கு அடுத்த பஸ் எப்போது என்று பிச்சாண்டியிடம் கேட்டார். இன்றைக்கு நமக்கு ஓய்வு, ஆனால் மூன்று மணி வண்டி நம்ம சேக்காளி ஒருத்தன் ஓட்டுகிறான், முன் சீட்டு சொல்லிவைக்கிறேன் என்றார் பிச்சாண்டி. செண்பகவல்லி கூடையில் மிச்சமிருந்த மங்குஸ்தான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

கோமதி கதவைத் திறந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் அப்பா நின்றிருந்தார். பிள்ளை பாட்டு வகுப்புக்குப் போயிருக்கு, வர நேரமாகும் என்றாள். அவள் குரலில் எச்சரிக்கை இருந்தது.

"பிள்ளையப் பாக்க வரல," என்றார் சார்.

நாற்காலி இருக்கத் தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து கோமதி பார்த்ததில்லை. ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, அதன்மேல் பென்சிலை வைத்தார்.

"போர்டு மூலையில போடுவியே. நான் அழிச்சு அழிச்சு விட்டேம்லா. அதுல ஒண்ணு போட்டுக் காட்டுளா."

"எதுக்குப்பா இப்ப?"

"எனக்கு அப்பப் பாக்கத் தெரியலம்மா. இப்பக் கொஞ்சம் தெரியுது."

கோமதி நின்றுகொண்டே இருந்தாள். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. போய் அணைத்துவிட்டு வந்தாள். வந்து எதிரே உட்கார்ந்தாள். பென்சிலை எடுப்பதற்குள் உள்ளங்கையைச் சேலையில் ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

கோடு கிளம்பியது. முதலில் தயங்கித் தயங்கிப் போயிற்று. ஒரு வளைவு திரும்பியதும் கைக்குப் பழைய ஓட்டம் வந்துவிட்டது. சுழன்று, தாண்டி, குனிந்து, காகிதம் முழுக்கச் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்தை நோக்கி வந்தது.

ஒரு நகக்கண் அளவு இடைவெளி இருக்கும்போது நின்றது.

சார் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதி பென்சிலை அவர் பக்கம் நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. உதட்டோரத்தில் எட்டு வயதுக் குறும்பும் இருந்தது.

"மீதிய நீங்க சேருங்கப்பா. கீழ அடிக்கோடு மட்டும் போட்டுராதிய."