போர்ப் பள்ளத்தாக்கில் ஒரு நாற்காலி

தபித்தாள் அம்மாவிடம் வேத பாடம் கேட்க வருகிறவர்களில் வேதமாணிக்கம்தான் மூத்தவர். அம்மாவைவிட பதினைந்து வயது கூடுதல். அம்மா அவரை அண்ணாச்சி என்பார், அவர் அம்மாவை அம்மா என்பார். இதில் இரண்டு பேருக்கும் கூச்சம் கிடையாது.

அம்மா ஒரு காலத்தில் இறையியல் கல்லூரியில் எபிரேய மொழி கற்றுக்கொடுத்தவர். அதை விட்டுவிட்டு மார்த்தாண்டத்துக்கு மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு ஓட்டு வீட்டில் ஜெப வீடு நடத்துகிறார். புதன்கிழமை மதியம் பாடம்.

வேதமாணிக்கம் கடைகளுக்கு போர்டு எழுதும் பெயிண்டர். அதோடு தீர்க்கதரிசனப் பிரசங்கியார். கன்வென்ஷன் கூட்டங்களில் அவர் கையால் வரைந்த படத்தைத் தொங்கவிட்டுத்தான் பேசுவார். கட்டில் விரிப்பு அளவுக்குத் துணி. மேலே மேகம், அதற்குள் ஏறிப் போகிற வெள்ளுடைக்காரர்கள். அது சபை, யுத்தத்துக்கு முன்னமே ஆண்டவர் மேலே எடுத்துக்கொள்ளப்போகிற விசுவாசிகள். நடுவில் கொம்பு முளைத்த மிருகங்கள். அடியில் கடைசி யுத்தம் நடக்கப்போகிற பள்ளத்தாக்கு. அங்கே இடப்பக்கம் வெள்ளைப் பொட்டுகள், யூத ஜனம். வலப்பக்கம் கறுப்புப் பொட்டுகள், சத்துருக்கள். வெள்ளைப் பொட்டுகளுக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே இருக்கிற இரண்டு பங்கு மடியும், மேலே இருக்கிற ஒரு பங்கு மனந்திரும்பும், உடனே ஆண்டவர் வருவார் என்று பிரம்பால் தட்டிக் காட்டுவார்.

யூத ஜனத்தின்மேல் அவருக்கு அவ்வளவு அன்பு. வீட்டு வாசலில் அவர்கள் கொடி. ஸ்கூட்டரில் அவர்கள் நட்சத்திரம். எல்லாரும் அந்தத் தேசத்துக்குத் திரும்பிப் போய்ச் சேர வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் வேறு. சேர்ந்தபின் இரண்டு பங்கு என்ன ஆகும் என்பது படத்தில் இருக்கிறது. அன்பு அதோடு சரி.

அவருடைய மகள் ஹெப்சி அந்தத் தேசத்தில்தான் வேலை பார்க்கிறாள். ஹைஃபா ஊரில், நாலாவது மாடியில், ராகேல் என்ற தொண்ணூறு வயது யூத அம்மாவைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை.

அந்தப் புதன்கிழமை காலையில் அங்கே சண்டை மூண்டுவிட்டது. ஹைஃபாவில் குண்டு விழுந்ததாக டிவியில் சொன்னார்கள். ஹெப்சியின் போன் அணைந்து கிடந்தது. மதியம்வரை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேதமாணிக்கம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஜெப வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இதுதானா அம்மா அந்த யுத்தம்?"

அம்மா அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

முன்னாலேயே வந்திருந்த ஜெயசிங் முந்திக்கொண்டான். குருத்துவம் படிக்கிறவன். வாய் சும்மா இராது. இந்தச் சண்டைக்கும் வேதத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆண்டவரை வேண்டாம் என்று சொன்ன அன்றே அந்த ஜனத்தின் கதை முடிந்தது, அவர்களுக்குச் சொன்ன வாக்குத்தத்தமெல்லாம் இப்போது சபைக்குத்தான் என்றான்.

"வாக்குத்தத்தம் நமக்கு. சரி. சாபம்?" என்று கேட்டார் அம்மா.

"அது அவங்களுக்கு."

"நல்ல பாகப்பிரிவினை, தம்பி."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். வேதமாணிக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"காலையில முழங்கால் போட்டேன் அம்மா. சண்டை நிக்கணும்னு கேக்க வாய் வரல்ல. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த யுத்தம் சீக்கிரம் வரட்டும்னுதானே கேட்டேன். இப்ப எந்த மூஞ்சியை வச்சிட்டு மாத்திக் கேக்க?"

அம்மா வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தார்.

"படம் கையில இருக்கா அண்ணாச்சி?"

படம் எப்போதும் ஸ்கூட்டரில் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கும். ஜெயசிங் போய் எடுத்துவந்தான். தரையில் விரித்தார்கள். நான்கு மூலையிலும் பாட்டுப் புத்தகங்களை வைத்தார்கள்.

"ஹெப்சி எங்க இருக்கா?"

வேதமாணிக்கம் குனிந்து பள்ளத்தாக்கின் ஓரத்தில், கடல் பக்கமாக விரலை வைத்தார். ஹைஃபா அங்கேதான் வரும். விரலுக்கடியில் ஒரு வெள்ளைப் பொட்டு. உடனே விரலை எடுத்துக்கொண்டார்.

"இது அவங்க ஜனம். எனக்க மவ இதுல வர மாட்டா. இதெல்லாம் தொடங்கும் முன்னமே சபையை எடுத்துக்கிடுவாரே. அவ மேல போயிருவா." மேகத்தைக் காட்டினார்.

"சரி. அவ மேல போயிட்டா. ராகேலம்மாவைப் படுக்கையில இருந்து யாரு தூக்கி உக்கார வைப்பா?"

வேதமாணிக்கம் மேகத்தைப் பார்த்தார். பள்ளத்தாக்கைப் பார்த்தார். கையிலிருந்த தண்ணீரை அப்போதுதான் குடித்தார்.

"பெயிண்ட் இருக்குமே, அந்தம்மாவை வரையுங்க," என்றார் அம்மா. "இருக்கிற இடத்திலேயே."

எனக்கு எழுத்துதான் வரும், முகம் வராது என்று அவர் சொல்லிப் பார்த்தார். அந்தப் பத்துக் கொம்பு மிருகத்துக்கு மூக்கும் முழியும் பிரமாதமாக வந்திருக்கிறதே என்றார் அம்மா. ஜெயசிங் வாயைப் பொத்திக்கொண்டான். பெயிண்ட் டப்பாவைத் திறந்து பிடித்துக்கொள்ளும் வேலை அவனுக்கு வந்தது.

"அவங்க எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார் அம்மா.

வீடியோ காலில் மகளுக்குப் பின்னால் பார்த்ததையெல்லாம் வேதமாணிக்கம் யோசித்து யோசித்துச் சொன்னார். சொல்லிக்கொண்டே வரைந்தார். ஒட்ட வெட்டின வெள்ளைமுடி. முகத்தைவிடப் பெரிய கண்ணாடி. ஹெப்சியைக் குற்றம் சொல்லாத நாள் கிடையாது, ஆனாலும் ஹெப்சி சாப்பிடாமல் ராகேலம்மா சாப்பிட மாட்டாள். ஒருநாள் ஹெப்சி வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, என்னைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டு, மறுநாளும் அந்த ரசத்தையே கேட்டாளாம்.

"பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் பயப்படுவாங்களாம்," என்றார்.

"ஏன்?"

"எனக்குத் தெரியல்ல அம்மா. அவங்க பிறந்தது ஐரோப்பாவில ஏதோ ஊர். சின்னதுல பெரிய வெள்ளிக்கிழமை வந்தா அவங்க வீட்டுல ஜன்னலை அடைச்சிருவாங்களாம். கோயில் விட்டு ஆளுங்க வெளிய வருத நேரத்துக்குப் பிள்ளைங்களைக் கட்டிலுக்கு அடியில தள்ளிருவாங்களாம். ஹெப்சி சொன்னா. நாம கோயில் விட்டு வந்தா கஞ்சிதானே குடிப்போம். அதுக்கு எதுக்குப் பயம்?"

அம்மா ஜெயசிங்கைப் பார்த்தார். அந்த ஆட்கள் கோயிலுக்குள் என்ன பிரசங்கம் கேட்டுவிட்டு வெளியே வந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும். சாபம் அவர்களுக்கு என்று சற்று முன்னால் அவனே அதைச் சொல்லியிருந்தான். அவன் டப்பாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

முகம் வந்துவிட்டது. வாய் கொஞ்சம் கோணல். ஒரு பொட்டு இருந்த இடத்தில் ஒரு முகம் அடங்குமா? சுற்றிலும் நிறையப் பொட்டுகளை மூடிக்கொண்டு, சிவப்புக் கோட்டின் பாதியையும் மறைத்துக்கொண்டு பெரிதாக இருந்தாள் ராகேலம்மா.

அப்போது போன் அடித்தது.

பெயிண்ட் கையோடு எடுத்ததில் முதல் தடவை வழுக்கி விழுந்தது. ஜெயசிங் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, நான்தான். நல்லாதான் இருக்கேன்."

வேதமாணிக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ராகேலம்மா எப்படி இருக்காங்க?"

ஐந்து வருஷமாக அப்பா ஜெருசலேமைப் பற்றிக் கேட்டிருக்கிறார், ஒலிவ மலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இதைக் கேட்டதில்லை.

"நல்லா இருக்காங்கப்பா. ஏசிட்டே இருக்காங்க." ஹெப்சி மூக்கை உறிஞ்சினாள். பிறகு விறுவிறுவென்று நடந்ததைச் சொன்னாள். காலையில் சைரன் அடித்ததும் கரண்ட் போய்விட்டது. லிஃப்ட் நின்றுவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. பாதுகாப்பு அறை கட்டடத்துக்கு அடியில். நீ ஓடு, நான் சின்னதுலயே ஒரு தடவை ஓடியாச்சு, இனி ஓட மாட்டேன் என்று ராகேலம்மா படுத்தேவிட்டாள்.

"போக வேண்டியதுதானே மக்களே," என்றார் வேதமாணிக்கம், தகப்பன் என்கிற முறையில்.

"போனா அவங்களை யாரு தூக்குவா?"

வேதமாணிக்கம் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்வீட்டு யூசுப் மேலே ஏறி வந்தாராம். ரொட்டிக்கடை வைத்திருக்கிற அரபிக்காரர். சமையலறை நாற்காலியில் ராகேலம்மாவை உட்காரவைத்து, ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் ஹெப்சி, நாலு மாடியும் தூக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். நாற்காலி ஆடுது, நாற்காலி ஆடுது என்று வழிநெடுக ஏச்சு. இப்போது கரண்ட் வந்துவிட்டது, மேலே வந்துவிட்டோம் என்றாள்.

"வைக்கட்டுமாப்பா? மாத்திரை நேரம். அடுத்தது ராத்திரி எட்டுக்கு, அதைக் குடுத்துட்டுக் கூப்பிடுதேன்."

போனை வைத்தபின் வேதமாணிக்கம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் வெள்ளை பெயிண்ட். அம்மா பால் விடாத கட்டன் சாயா போட்டார். அதிகமாகவே சர்க்கரை போட்டார். சாயா குடிக்கும்போதுதான் அவர் செருப்போடு இருப்பதை அவரே கண்டுபிடித்தார்.

ஜெயசிங் படத்தை எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, யூசுப்பை எந்தப் பக்கம் வரைவீங்க? அவர் கறுப்புல வருவாரே."

கேட்டது கேலியாகத்தான். ஆனால் வேதமாணிக்கம் சாயா டம்ளரை வைத்துவிட்டுப் படத்தின்மேல் குனிந்தார். முதலில் ராகேலம்மாவுக்கு அடியில் ஒரு நாற்காலி போட்டார். இடப்பக்கத்துக் காலைப் பிடித்துக்கொண்டு ஹெப்சி. வலப்பக்கத்துக் காலைப் பிடிக்க ஆள் வேண்டுமே. நாற்காலியின் அந்தப் பக்கம் கறுப்புப் பொட்டுகளுக்குள் போயிற்று. அங்கேயே யூசுப்பை நிறுத்தினார். மீசை வைப்பதா வேண்டாமா என்று ஜெயசிங்கிடம் கேட்டார். வையுங்கள் என்றான் அவன். இந்தத் தடவை டப்பாவை நன்றாகப் பக்கத்தில் பிடித்துக்கொண்டான்.

வரைந்து முடித்தபோது பள்ளத்தாக்கில் யுத்தத்துக்கு இடமில்லை. சிவப்புக் கோடு நாற்காலிக்குப் பின்னால் எங்கோ போய்விட்டது.

வேதமாணிக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"சனிக்கிழமை கன்வென்ஷன் இருக்கே அம்மா. இந்தப் படத்தை வச்சு நான் என்ன பேச?"

"இதைத்தான் பேசணும்."

"விட மாட்டாங்களே. சண்டை வேற வந்தாச்சு. முடிவு எப்ப, முடிவு எப்பன்னுதான் கேப்பாங்க."

"அது பிதாவுக்கு மட்டும்தான் தெரியும்னு ஆண்டவரே சொல்லிட்டுப் போயிட்டார்." அம்மா காலி டம்ளர்களை எடுத்து அடுக்கினார். "ராகேலம்மாவுக்கு அடுத்த மாத்திரை எப்ப?"

"ராத்திரி எட்டு மணிக்கு. அவங்க ஊர் எட்டு."

"தெரிஞ்சதைச் சொல்லுங்க, அண்ணாச்சி."